இண்டையோட எட்டு நாள்: வாடகைக் கடை மென்பொருளில் திகதிகளைச் சரிசெய்த அனுபவம்

மார்ச் 3 இல் ஒருவர் இறந்தால் அந்தியேட்டி எப்போது? திருகோணமலையில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் விரல் மடக்கி எண்ணி ஏப்ரல் 2 என்பார். இறந்த நாளை ஒன்று என்று வைத்து முப்பத்தோராம் நாள். நான் எழுதிய மென்பொருள் ஏப்ரல் 3 என்றது.

மாமாவின் கடை பாலையூற்றுப் பக்கம். கதிரை, மேசை, தகரப்பந்தல், கிடாரம், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறார். ஏப்ரல் 1 பின்னேரம் ஒரு வீட்டு மகன் வந்து கடை வாசலில் நின்றார். "விடியக் காலம கன்னியாவுக்குப் போறம். மத்தியானம் நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. கிடாரமும் கதிரையும் இன்னும் வரேல்ல, அண்ணை." எங்கள் ஊரில் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குத்தான் போவோம். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று சொல்லும் ஏழு கிணறுகள் அங்கே. அப்படிப்பட்ட ஒரு நாளுக்குப் பிந்திப் போக முடியாது. மாமா அன்றிரவே லொறியில் ஏற்றினார். கையில் இல்லாத இரண்டு கிடாரங்களைப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கினார். என்னை ஏசவில்லை. கொப்பியை விரித்து மேசையில் வைத்தார். "இதில ரெண்டாம் திகதி எண்டுதான் கிடக்கு, பிள்ளை."

அந்தக் கொப்பியை நிறுத்தச் சொல்லி மூன்று வருடமாக அவரோடு வாதாடியவள் நான். அடுத்த வார இறுதியில் மென்பொருளின் கோட்டை, அதாவது நான் எழுதி வைத்த கட்டளைகளை, திறந்தேன்.

முதலில் செய்தது, திகதி என்ற பெயர் வரும் இடங்களையெல்லாம் தேடியது. முப்பத்தேழு இடங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைப் போட்டேன்: இங்கே கடைசி நாள் உள்ளேயா வெளியேயா? பில் போடும் இடத்தில் இரண்டு திகதிகளையும் கழித்து ஒன்றைக் கூட்டியிருந்தேன், ஆகவே உள்ளே. இருப்புப் பார்க்கும் இடத்தில், ஓடர்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லின் பிட்வீன் என்ற கட்டளை. அது இரு நுனியையும் சேர்த்தே எடுக்கும், ஆகவே உள்ளே. மாத நாட்காட்டியை வரையும் இடத்தில், நான் கோட் எழுதும் மொழியான பிஎச்பியில் நாட்களை வரிசையாகத் தரும் டேட்பீரியட். அது சும்மா விட்டால் கடைசித் திகதியைத் தராது. கடைசி நாளையும் சேர்க்கச் சொல்லும் வசதி 2022 இல் வந்த பிஎச்பி 8.2 பதிப்பில்தான் கிடைத்தது. நான் எழுதியபோது அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தியேட்டிக்கு, இறந்த திகதியோடு முப்பத்தொன்று கூட்டியிருந்தேன். அங்கே வெளியே போனது கடைசி நாள் அல்ல, முதல் நாள்.

ஒரே கடை, ஒரே ஓடர், நான்கு இடத்தில் நான்கு பேர் எண்ணியது போல.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம், தமிழிலேயே இரண்டு எண்ணும் முறைகளும் இருக்கின்றன. 'இண்டையோட எட்டு நாள்' என்றால் இன்றும் சேர்த்தி. 'எட்டு நாள் கழிச்சு' என்றால் இன்று சேர்த்தியில்லை. பேசும்போது 'ஓட' என்ற ஒரு சொட்டுச் சொல் அந்த வித்தியாசத்தைத் தாங்குகிறது, கேட்பவர் யாரும் தடுமாறுவதில்லை. 'எட்டு' என்ற வெறும் எண்ணைக் கோட்டுக்குள் அனுப்பும்போது அந்த 'ஓட' வெளியிலேயே நின்றுவிடுகிறது. என் கோட்டில் எல்லா மெதட்டும், அதாவது ஒவ்வொரு வேலையைச் செய்யும் கோட் துண்டும், வெறும் திகதிகளையும் எண்களையும் மட்டுமே வாங்கின. எந்த மாதிரி எண்ணினோம் என்ற செய்தி, தகவலைச் சேர்த்து வைக்கும் எந்த ஆப்ஜெக்ட்டிலும் இல்லை. அது அந்தந்த மெதட்டை எழுதிய நேரத்தில் என் தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

டேட்டாபேஸைப் பார்த்தபோது இன்னும் மோசம். 'முடிவு' என்று ஒரு நிரல் வைத்திருந்தேன். மாமா அதில் பொருள் திரும்பி வரும் நாளைப் போடுவார். மச்சாள் கடையில் இருக்கும் நாட்களில் விசேஷத்தின் கடைசி நாளைப் போடுவா. இருவர் செய்ததிலும் பிழையில்லை. நான் வைத்த பெயர்தான் இரண்டுக்கும் பொருந்தியது. ஒரே நிரலில் இரண்டு அர்த்தம் கலந்து மூன்று வருடம் போயிருக்கிறது.

அதனால் வந்த விளைவு இரண்டு பக்கமும் இழுத்தது. கடையில் 300 கதிரை. ஒரு வீடு ஆகஸ்ட் 14 இல் 180 எடுத்து 16 காலையில் திருப்பித் தருவதாக ஓடர். இன்னொரு வீட்டுக்கு 16 பின்னேரம் 150 வேண்டும். பிட்வீன் 16 ஆம் திகதியில் இரண்டையும் சேர்த்து 330 என்று காட்ட, மச்சாள் இரண்டாவது வீட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டா. உண்மையில் 16 காலையில் 180 உம் வந்துவிடும். மறுபக்கம், மச்சாள் விசேஷத்தின் கடைசி நாளைப் போட்ட ஓடர்களில் நாட்காட்டி அந்தக் கடைசி நாளை வெறுமையாகக் காட்டியது. பொருள் யாரோ வீட்டு முற்றத்தில் நிற்க, கடையில் சும்மா கிடப்பதாகக் கணக்கு. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் தெருவுக்குத் தெரு பந்தல் கேட்பார்கள். அப்போதெல்லாம் மாமா கொப்பியைப் பார்த்துத்தான் சமாளித்திருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது.

இனித் திருத்தம். முப்பத்தேழு இடத்திலும் ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் ஒட்டுப் போடலாம். நான் அதைச் செய்யவில்லை. 'வாடகைக்காலம்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்டுகளை வார்க்கும் அச்சு, எழுதினேன். பிஎச்பி பெயர்களில் தமிழ் எழுத்தை ஏற்கும், ஆகவே பெயரைத் தமிழிலேயே வைத்தேன். மாமாவுக்கு வாசித்துக் காட்டலாம். அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் இரண்டே விஷயங்கள்: எடுப்பு, திரும்பல். எடுத்த நாள் காலத்துக்குள் சேர்த்தி. திரும்பும் நாள் சேர்த்தியில்லை. உள்ளே எப்போதும் இந்த ஒரு முறைதான்.

ஏன் இந்த முறை என்று கேட்டால், கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இதைத்தான் விளக்குகிறார்: தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டால், இரண்டையும் கழித்தாலே நீளம் வரும், ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே எண்ணாக இருக்கும்போது அவை ஒட்டி நிற்கும், மோதாது. உப்புவெளியில் விடுதி நடத்துபவர்கள் இதைப் படிக்காமலே செய்கிறார்கள். 10 ஆம் திகதி வந்து 13 ஆம் திகதி போகிறவருக்கு மூன்று இரவுக் காசு. 13 ஆம் திகதி பின்னேரம் அதே அறைக்கு வேறொருவர் வருவார்.

ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை வெளியிலிருந்து கூப்பிட முடியாதபடி பூட்டினேன். இந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். இரண்டு வெறுந்திகதிகளைக் கொடுத்து ஒரு காலத்தை உருவாக்க இனி யாராலும் முடியாது, நாளைக்கு நானே மறந்து போனாலும் முடியாது. பெயர் சொல்லித்தான் உருவாக்க வேண்டும்:

வாடகைக்காலம்::எடுத்துத்திரும்பும்(14 ஆகஸ்ட், 16 ஆகஸ்ட்)
வாடகைக்காலம்::முதல்நாள்கடைசிநாள்(14 ஆகஸ்ட், 15 ஆகஸ்ட்)
வாடகைக்காலம்::அண்டையோட(14 ஆகஸ்ட், 2)

மூன்றும் ஒரே காலத்தைத் தருகின்றன. எழுதுபவர் தன் எண்ணும் முறையைச் சொல்லாமல் உள்ளே வர முடியாது. தெருவில் 'ஓட' செய்யும் வேலையை இங்கே மெதட்டின் பெயர் செய்கிறது. திரும்பும் திகதி எடுப்புக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ இருந்தால் ஆப்ஜெக்ட் பிறக்காது, பிழை எறியும்.

இரண்டு காலம் மோதுகிறதா என்று பார்க்க, முன்பு ஆறேழு நிபந்தனைகள் எழுதியிருந்தேன்: இது அதற்குள், அது இதற்குள், தலை மட்டும், வால் மட்டும் என்று. கணினி ஆய்வாளர் ஜேம்ஸ் அலன் 1983 இல் இரண்டு காலங்களுக்கு இடையே 13 விதமான உறவுகள் இருக்கலாம் என்று பிரித்துக் காட்டினார். எனக்கு அந்தப் பதின்மூன்றும் தேவையில்லை. மோதலுக்கு இரண்டு வரிகள் போதும்:

அ.எடுப்பு < ஆ.திரும்பல்
ஆ.எடுப்பு < அ.திரும்பல்

இரண்டும் உண்மையானால் மோதல். ஒன்று பொய்யானாலும் இல்லை. ஆகஸ்ட் 14 இல் இருந்து 16 வரையும், 16 இல் இருந்து 18 வரையும் என்ற இரு காலத்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது வரியில் 16 < 16 என்று வரும், அது பொய். மோதவில்லை. சிறிதென்ற குறிக்குப் பக்கத்தில் சமன் குறியையும் சேர்த்தால் அந்த 150 கதிரை ஓடர் மறுபடியும் கைவிட்டுப் போகும்.

ஜெனரேட்டர் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு மோதல் பார்த்தால் போதும். கதிரைக்கு அது போதாது. எந்த நாளிலாவது வெளியே நிற்கும் மொத்தம் 300 ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுப்புத் திகதியில் கூட்டு, திரும்பும் திகதியில் கழி, திகதி வரிசையில் நடந்து போ, உச்சத்தைக் குறித்துக்கொள். ஒரே திகதியில் இரண்டும் வந்தால் கழித்தல் முதலில். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 2012 இல் வந்த 9.2 பதிப்பிலிருந்தே திகதி வீச்சுக்கென்று தனி வகை உண்டு; இரண்டு பதிவு மோதினால் டேட்டாபேஸே மறுத்துவிடும்படி செய்யலாம். ஜெனரேட்டருக்கு அது அருமையான பூட்டு. முந்நூறு கதிரைக்கு அது தானாகப் பொருந்தாது. எங்கள் ஹோஸ்டிங்கில் இருப்பதும் மைஎஸ்கியூஎல். ஆகவே கிளாஸிலேயே செய்தேன்.

மாமாவிடம் இதைக் காட்டியபோது ஒரு கேள்வி கேட்டார். "கதிரை வந்த கையோட போகலாம். கிடாரம் அப்பிடிப் போகுமோ?" போகாது. புளி போட்டுத் தேய்த்துக் காய வைக்க ஒரு நாள் வேண்டும். வாடகை எத்தனை நாள் என்பது ஒரு காலம். பொருள் எத்தனை நாள் கைக்கு எட்டாது என்பது வேறொரு காலம். ஒவ்வொரு பொருளுக்கும் 'துப்புரவு நாள்' என்று ஓர் எண் வைத்தேன். இருப்புப் பார்க்கும்போது திரும்பல் அந்த அளவு பின்னுக்குத் தள்ளப்படும். பில்லுக்குப் பழைய காலமே போகும். இந்த இடத்தில் நீட்டும் மெதட் பழைய ஆப்ஜெக்ட்டை மாற்றாமல் புதிதாக ஒன்றைத் தருவது கட்டாயம். மாற்றினால், கிடாரம் கழுவும் நாளுக்கும் வாடிக்கையாளரிடம் காசு வாங்கியிருப்போம்.

மாற்றும் ஆப்ஜெக்ட்டால் ஏற்கெனவே ஒரு காயம் இருந்தது. பழைய கோட்டில் திகதிகளை வைத்தது பிஎச்பியின் டேட்டைமில், அது மாற்றக்கூடிய வகை. எடுப்பை முடிவு என்ற இன்னொரு பெயரில் வைத்து, முடிவோடு மூன்று நாள் கூட்டினால், எடுப்பும் மூன்று நாள் நகர்ந்துவிடும். இரண்டு பெயரும் ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் சுட்டுகின்றன. 2013 இல் வந்த பிஎச்பி 5.5 முதல், மாறாத வகையான டேட்டைம்இம்யூட்டபிள் இருக்கிறது. எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். மாற்றிய அன்றே இரண்டு இடம் உடைந்தது. கூட்டிய விடையை எதிலும் வாங்கி வைக்காமல் விட்ட வரிகள் அவை. முன்பு தற்செயலாக வேலை செய்தன, இப்போது ஒன்றுமே செய்யவில்லை. நீங்களும் மாற்றினால் முதலில் இதைத் தேடுங்கள்.

பில்லில் இன்னொரு பிழை கிடைத்தது, இது காசோடு சம்பந்தப்பட்டது. கட்டட வேலை செய்யும் ஒருவர் ஜூன் 10 இல் ஜெனரேட்டர் எடுத்து ஜூலை 12 இல் தந்திருந்தார். பில்லில் மூன்று நாள். இரண்டு திகதிகளின் வித்தியாசத்தைக் கணக்கிடும் டிஃப் தரும் டேட்இன்டர்வலில் 'டி' என்றும் 'டேஸ்' என்றும் இரண்டு உண்டு. ஒரு மாதமும் இரண்டு நாளும் என்று பிரித்தபின் மிஞ்சும் இரண்டைத்தான் 'டி' தரும். மொத்தமான 32 ஐத் தருவது 'டேஸ்'. நான் எடுத்தது 'டி', அதில் ஒன்றைக் கூட்டி மூன்று. ஒரு மாதத்துக்குக் குறைந்த வாடகையில் இரண்டும் ஒன்றுதான். அதனால் இவ்வளவு காலம் தெரியவில்லை. அந்த மனிதர் தானாகவே வந்து மிச்சக் காசைக் கட்டிவிட்டுப் போனாராம். மாமா அதை எனக்குச் சொல்லவேயில்லை.

மாத வாடகை தனிக் கதை. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் காலத்தில் நிலாவெளிப் பக்கம் வாடி போடுகிறவர்கள் ஜெனரேட்டரை மாதக் கணக்கில் கேட்பார்கள். மே 31 இல் எடுத்தால் ஒரு மாதம் எப்போது முடியும்? பிஎச்பியிடம் ஒரு மாதம் கூட்டச் சொன்னால் ஜூன் 31 என்று போய், அப்படி ஒரு நாள் இல்லாததால் ஜூலை 1 இல் விழும். ஜாவா என்ற மொழியில் திகதிக்கென்று இருக்கும் லோக்கல்டேட் ஜூன் 30 இல் நிறுத்தும். மாமாவின் கணக்கும் ஜூன் 30 தான். ஆகவே மாதம் கூட்டும் மெதட்டை நானே எழுதினேன்: அந்த மாதத்தில் அந்தத் திகதி இல்லையென்றால் மாதக் கடைசி. இதில் ஒரு நுணுக்கம், இரண்டாவது மாதத்தை ஜூன் 30 இலிருந்து எண்ணக் கூடாது. எண்ணினால் ஜூலை 30 வரும். எப்போதும் முதல் எடுப்பான மே 31 இலிருந்து எத்தனையாவது மாதம் என்று எண்ணினால் ஜூலை 31 சரியாக வரும்.

கடைசியாகப் பிடிபட்டது விடியற்காலைப் பிழை. செத்தவீட்டு ஓடர் நேரம் பார்த்து வராது. ஒரு நாள் நானே கடையில் நின்றேன், காலை 4.45, வெளியே இருட்டு, லொறியில் கதிரை ஏறிக்கொண்டிருக்கிறது. பில்லை அடித்தால் நேற்றைய திகதி. சேர்வரில் நேர வலயம் எதுவும் அமைக்காததால் அது உலகப் பொது நேரத்தில் ஓடியது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். காலை 5.30 வரைக்கும் அதற்கு நேற்றுத்தான். அந்த நேரத்தில் போட்ட ஒவ்வொரு பில்லிலும் ஒரு நாள் காசு கூடுதலாக வாங்கியிருக்கிறோம், அதுவும் இழவு வீடுகளிடம். இதைக் கண்டபோது எனக்கு வந்த வருத்தம் அந்தியேட்டிப் பிழையைவிடப் பெரிது. பழைய பில்களில் அப்படிப்பட்டவற்றை எடுத்துக் கொடுத்தேன்; மாமா ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது 'இன்று என்ன திகதி' என்று கேட்கும் இடம் ஒன்றே ஒன்று. அது மட்டும் கொழும்பு நேர வலயத்தைக் கேட்கும். மற்றப்படி காலத்துக்குள் இருக்கும் திகதிகளில் உள்ளூர் நேரமே கலக்காது. பிஎச்பியில் ஜாவாவில் இருப்பது போல வெறுந்திகதிக்கென்று ஒரு கிளாஸ் இல்லை. ஆகவே எல்லாத் திகதியையும் பொது நேரத்து நள்ளிரவாக வைத்தேன். நமக்குத்தான் கோடைகால நேர மாற்றம் இல்லையே, உள்ளூர் நள்ளிரவையே வைத்தால் என்ன என்று முதலில் நினைத்தேன். மாமா நினைவுபடுத்தினார்: கரண்ட் தட்டுப்பாட்டுக் காலத்தில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்களே. பார்த்தால் உண்மைதான். 1996 மே 25 நள்ளிரவில் இலங்கை நேரம் நேராக ஒரு மணிக்குத் தாவியது. அந்தத் திகதிக்கு இங்கே நள்ளிரவே இல்லை, மொத்தம் 23 மணித்தியாலம். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் மிச்ச அரையையும் குறைத்து இன்றைய நேரத்துக்கு வந்தோம். செக்கன்களைக் கழித்து 86400 ஆல் வகுத்து நாள் எண்ணும் கோட், அந்த மே மாதத்தைத் தாண்டும்போது ஒரு நாளை விழுங்கிவிடும். கதிரை வாடகைக்கு 1996 தேவையில்லை. ஆனால் நாள் என்பது 24 மணித்தியாலம் என்று கோட்டில் எழுதி வைக்க எனக்கு இனி மனம் வராது.

திரையையும் மாற்றினேன். 'முடிவு' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். 'எடுக்கும் நாள்', 'திரும்பும் நாள்', அதன் கீழே 'மத்தியானத்துக்கு முதலா, பிறகா'. மத்தியானத்துக்கு முதல் வந்தால் அன்றைக்குக் காசில்லை என்பது மாமாவின் பழைய வழக்கம். பிறகு என்றால் திரும்பல் ஒரு நாள் தள்ளிப் பதிவாகும். அந்தியேட்டிக்கு 'முதலாம் நாள்' என்று கேட்கிறேன், 'இறந்த திகதி' என்று கேட்பதில்லை. நள்ளிரவு தாண்டி, சூரியன் எழுமுன் உயிர் பிரிந்தால் எந்த நாளை ஒன்று என்று வைப்பது என்பதை ஐயர்தான் சொல்வார். அதைக் கோட் தீர்மானிக்கக் கூடாது.

சோதனைக்கு மாமாவின் கொப்பியைத்தான் எடுத்தேன். ஒரு வருடத்து ஓடர்களை மச்சாள் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். இரண்டு இரவு பிடித்தது. கலந்து கிடந்த 'முடிவு' நிரலையும் அதை வைத்தே பிரித்தோம். எல்லாம் முடிந்ததும் ஐந்து ஓடர்களில் மட்டும் கொப்பியும் மென்பொருளும் வேறுபட்டன. நான்கில் மாமா தெரிந்தவர்களுக்கு ஒரு நாளை விட்டுக்கொடுத்திருந்தார். அதற்காகப் பில்லில் 'கழிவு' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஐந்தாவதில் பெப்ரவரி 29 ஐக் கொப்பி விட்டிருந்தது. மாமா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பேனையை எடுத்து ஓரத்தில் 29 என்று எழுதி வட்டம் போட்டார்.

கொப்பியை நிறுத்தச் சொல்லி இனிக் கேட்கமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒத்துப்போகாத அன்று, எந்த நேரமென்றாலும் என்னைக் கூப்பிட வேண்டும். ஆடி அமாவாசைக்குப் பந்தல் ஓடர்கள் வரத் தொடங்கிவிட்டன.